அன்னாசி சாலட் வருவதற்குள்

ராய் ஃபோக்கர் சோபாவில் சாய்ந்து கித்தார் மீட்டிக்கொண்டிருக்கிறான். சமையலறைப் பக்கம் கிளாடியா. அவன் ஆசைப்பட்டுக் கேட்ட அன்னாசி சாலட்டைச் செய்தபடி ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். கித்தார் நின்றுவிடுகிறது. வந்து பார்த்தால் ஆள் சரிந்து கிடக்கிறான், முதுகில் ரத்தம். அன்றைய சண்டையில் பட்ட காயத்தை ஒன்றுமே நடக்காததுபோல் மறைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு அவள் வாசலுக்கு வந்திருக்கிறான். பிழைக்கவில்லை.

நான் இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. ராத்திரி பதினொரு மணி, லேப்டாப், ஆங்கில டப்பிங். தொடரின் பெயர் 'ரோபோடெக்'. போர் விமானம் கை கால் முளைத்து ரோபோவாக மாறும் ஒரு பொம்மைப்படம். அதைப் பார்த்துக் கண் கலங்கியதா என்றால், சரி, கலங்கியது.

ஆனால் அதைவிட அதிகமாக என்னைக் குடைந்தது வேறொரு விஷயம். 1985இல் அமெரிக்காவில், வாரநாட்களில் சின்னப்பிள்ளைகள் பார்த்த நிகழ்ச்சி இது. முந்தைய வருஷம்தான் 'வோல்ட்ரான்' என்ற இன்னொரு ஜப்பானிய ரோபோத் தொடர் அதே பிள்ளைகளுக்கு வந்தது. அதன் மூலக்கதையில் செத்துப்போன ஒருவனை, 'வேறு கிரகத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்' என்று சொல்லிச் சமாளித்திருந்தார்கள். ஒரே வருஷத்தில் என்ன ஆயிற்று?

இதைத் தேடப் போய் நான் நின்ற இடம் ஜப்பானின் கோபே நகரம்.

மித்சுதெரு யோகோயாமா 1934இல் அங்கே பிறந்தவர். போர்க்காலத்தில் தொத்தோரிப் பக்கம் பாதுகாப்பாக அனுப்பிவைக்கப்பட்டிருந்த பையன், போர் முடிந்து ஊருக்குத் திரும்பினால் ஊர் தரைமட்டம். பி-29 விமானங்கள் எரித்துப் போட்ட சாம்பல்தான் மிச்சம். ஒரு இயந்திரத்தால் இவ்வளவு செய்ய முடியுமா என்ற திகைப்பு அந்தப் பையனை விடவே இல்லை. அதனோடு ஜெர்மானியர்களின் வி-2 ராக்கெட், பிறகு பார்த்த ஃபிராங்கன்ஸ்டைன் படம் எல்லாம் சேர்ந்துகொண்டன. 1956இல் அவர் வரையத் தொடங்கிய மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, 'தெத்சுஜின் 28'. இரும்பு மனிதன், இருபத்தெட்டாம் எண்.

கதைப்படி அது ஜப்பானிய ராணுவம் போரின் கடைசிக் கட்டத்தில் ரகசியமாகச் செய்த ஆயுதம். செய்து முடிப்பதற்குள் போர் முடிந்துவிடுகிறது. அந்த ஆயுதம் ஷோதாரோ என்ற அரைக்கால்சட்டைப் பையன் கையில் வந்து சேர்கிறது. அவன் அதற்குள் ஏறி ஓட்டுவதில்லை. கையில் ஒரு பெட்டி, பெட்டியில் இரண்டு கைப்பிடிகள், ஒரு ஆன்டெனா. அவ்வளவுதான். இந்தப் பெட்டியில்தான் யோகோயாமாவின் மொத்த மூளையும் இருக்கிறது என்பேன். ரோபோவுக்கு நல்லது கெட்டது தெரியாது. பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவன் சொன்னதைச் செய்யும். பையன் கையில் இருந்தால் ஊரைக் காப்பாற்றும், திருடன் பிடுங்கிக்கொண்டால் அதே ஊரை மிதிக்கும். ஊர் எரிந்ததை நேரில் பார்த்தவனுக்குத்தான் இப்படியொரு பெட்டி தோன்றும்.

1963இல் அது தொலைக்காட்சித் தொடராயிற்று, மொத்தம் 97 பகுதிகள். அதே வருஷம் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோயிருந்த ஃபிரெட் லாட், இதையும் வாங்கி 1966இல் 'ஜைகாண்டர்' என்று இறக்கினார். எடுத்துக்கொண்டது 52 பகுதிகள். ஷோதாரோ, ஜிம்மி ஸ்பார்க்ஸ் ஆனான். கதை 2000ஆம் ஆண்டில் நடப்பதாக மாறியது. அந்த ஒரு மாற்றத்தில் இரண்டாம் உலகப்போர் கப்பலிலிருந்து கடலில் இறக்கிவிடப்பட்டது. வந்து சேர்ந்தது பெரிய சைஸ் பொம்மையும் அதை ஆட்டிவைக்கும் பையனும். லாட்மேல் எனக்குக் கோபம் இல்லை. போர் முடிந்து இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. ஜப்பானிய ராணுவத்தின் ரகசிய ஆயுதம்தான் கதாநாயகன் என்று எந்த அமெரிக்க டிவி நிலையத்தில் போய் விற்பது?

ரோபோவுக்குள் ஆளை ஏற்றி உட்காரவைத்தவர் கோ நாகாய். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நின்றபோது, இந்தக் காருக்குக் கை கால் முளைத்து முன்னால் நிற்கும் வண்டிகளையெல்லாம் தாண்டி நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தாராம். கத்திப்பாராவில் நின்றிருக்கும் யாருக்கும் இது வராத யோசனை இல்லை, நாம்தான் மாங்கா வரையவில்லை. 1972 டிசம்பரில் 'மாஸிங்கர் இஸட்' வந்தது. தாத்தா செய்துவைத்துவிட்டுப் போன ரோபோ, அதன் தலையில் குட்டி விமானத்தைக் கொண்டுபோய்ச் செருகி உள்ளே உட்காரும் பேரன், ராக்கெட்போல் கழன்று பறக்கும் முஷ்டி. அதன்பின் ஜப்பானில் வாரத்துக்கொரு ரோபோ முளைத்தது. பாதிக் காரணம் கதை, மீதிக் காரணம் பொம்மை. 1974இல் போப்பி என்ற நிறுவனம் உலோகத்தில் வார்த்த கனமான மாஸிங்கரைக் கடைக்குக் கொண்டுவந்தது. பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். தொடர் என்பது ஒருவகையில் அரைமணி நேர விளம்பரம். பொம்மை விற்கவில்லை என்றால் தொடருக்குக் கழுத்தில் கத்தி. 1979இல் வந்த 'கண்டம்' (Gundam) என்ற ரோபோத் தொடர் இன்றைக்கு எவ்வளவு பெரிய பெயர்! அன்றைக்குப் பொம்மைக்காரர்கள் கைவிட்டதால் 52 பகுதிகளுக்குப் போட்ட திட்டம் 43இல் முடிந்தது. அடுத்த வருஷம் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகள் வந்த பிறகுதான் அதற்கு மறுபிறப்பு. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அந்த முதல் தொடர் போய்ச் சேர்ந்தது 2001இல். இருபத்திரண்டு வருஷம்!

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி. அங்கே வெட்டு குறைவு, கூச்சல் அதிகம்.

1978 ஏப்ரலில் இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியிலும், ஜூலை 3 அன்று பிரான்ஸின் ஆன்டென் 2 சேனலிலும் ஒரே தொடர் ஆரம்பித்தது. ஜப்பானில் 'கிரெண்டைசர்', இத்தாலியில் 'கோல்ட்ரேக்', பிரான்ஸில் 'கோல்டோராக்'. பிரான்ஸுக்குக் கொண்டுவந்த ஜாக் கனெஸ்ட்ரியே, ஜேம்ஸ் பாண்ட் படத்து கோல்ட்ஃபிங்கரையும் மாண்ட்ரேக்கையும் ஒட்டவைத்துச் செய்த பெயர் அது. (ஆமாம், நம் முத்து காமிக்ஸ் மந்திரவாதி மாண்ட்ரேக்கேதான்.) இத்தாலியில் தொடரின் தலைப்பு 'அட்லஸ் யூஃபோ ரோபோ' என்று ஆனது இன்னும் வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்களின் விளம்பரக் கையேட்டுக்குப் பெயர் அட்லஸ். அதையும் தலைப்பில் சேர்த்துப் படித்துவிட்டார்கள்.

கதையின் நாயகன் ஒரு அகதி. தன் கிரகம் அழிக்கப்பட்டு, தப்பித்துப் பூமிக்கு வந்து, ஒரு பண்ணையில் பெயரை மறைத்துக்கொண்டு மாடு குதிரை மேய்க்கும் இளவரசன். ராத்திரியில் பழைய கிரகத்தின் நினைப்பு வந்து கித்தாரை எடுத்துக்கொண்டு உட்கார்வான். (இவர்கள் கையிலிருந்து கித்தாரை யாராவது பிடுங்கினால் தேவலை.) பிரெஞ்சுப் பிள்ளைகள் அதில் கரைந்துபோனார்கள். அடுத்த ஜனவரியில் 'பாரி மாட்ச்' பத்திரிகையே அட்டையில் போட்டது. கூடவே பெரியவர்களுக்குப் பயம் வந்தது. இத்தாலியில் சில்வேரியோ கொர்விசியேரி என்ற நாடாளுமன்ற உறுப்பினர், இந்த ரோபோ பிள்ளைகளுக்கு வன்முறையைக் கற்றுத்தருகிறது என்று 1979இல் பத்திரிகையில் எழுதப்போக, நாடு முழுக்க வாக்குவாதம். 1980இல் இமோலா நகரத்துப் பெற்றோர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஸ்பெயினில் மாஸிங்கரை அரசுத் தொலைக்காட்சி முழுதாக ஓட்டவே இல்லை. ஆனால் அங்கே தாரகோனா பக்கத்தில், பத்து மீட்டர் உயரத்தில் ஒரு மாஸிங்கர் சிலை இன்னும் நிற்கிறது. யார் வைத்தார்கள் தெரியுமா? பிளாட் போட்டு விற்க நினைத்தவர்கள். புதிதாக வரப்போகும் குடியிருப்புக்கு ஆள் பிடிக்க ரோபோ. குடியிருப்பு நினைத்தபடி வளரவில்லை, ரோபோ மட்டும் மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. நம் ஊரில் ஹைவே ஓரத்து மனைப்பிரிவு வளைவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவுக்கு வருவோம். எழுபதுகளின் கடைசியில் அங்கே முதலில் பரவலாக வந்திறங்கியவை பொம்மைகள். இரண்டடி உயர ரோபோக்களை மாட்டெல் நிறுவனம் 'ஷோகன் வாரியர்ஸ்' என்று விற்றது. பொம்மையை வாங்கிய பையன்களில் பெரும்பாலோருக்கு அது எந்தக் கதையில் வருகிறது என்றே தெரியாது. விநாயகரை வாங்கிவைத்துவிட்டு யானைத்தலை எப்படி வந்தது என்று தெரியாமல் இருப்பதுபோல.

கதை தெரிந்தவர்கள் சிலர் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தார்கள். அங்கே ஜப்பானியக் குடியேறிகளுக்கான டிவி ஒளிபரப்பில் 1976 வாக்கில் ரோபோத் தொடர்கள் ஆங்கில வசனவரிகளோடு ஓடின. வீட்டு வீடியோ ரெக்கார்டர் அப்போதுதான் வந்திருந்த நேரம். சிலர் பதிவு செய்தார்கள், கூடிப் பார்த்தார்கள், 1977இல் ஒரு சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். ஜப்பானுக்குக் கடிதம் போட்டு நாடா மாற்றிக்கொண்டார்கள். இதில் யாரும் பெரிதாகச் சொல்லாத ஒரு தொழில்நுட்ப அதிர்ஷ்டம் உண்டு. ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி என்ற ஒரே டிவி ஒளிபரப்பு முறை. டோக்கியோவில் பதிந்த கேசட்டைக் கலிஃபோர்னியாவில் அப்படியே போட்டுப் பார்க்கலாம். நம்மைப்போல் பிஏஎல் (PAL), அல்லது செகாம் என்ற வேறு முறைகள் இருந்த நாடுகளுக்கு அந்த வசதி கிடையாது. நம் வீட்டில் துபாயிலிருந்து வந்த டெக்கில் அமெரிக்காவிலிருந்து வந்த கல்யாண கேசட்டைப் போட்டு, கறுப்பு வெள்ளையில் உருண்டு ஓடிய படத்தை மணிக்கணக்காகப் பார்த்தவன் நான். அந்தக் கஷ்டம் அவர்களுக்கு இல்லை.

அப்புறம் 1984. வோல்ட்ரான் வந்த கதையே ஒரு குளறுபடி. செயின்ட் லூயிஸ் நகரத்து வேர்ல்ட் ஈவண்ட்ஸ் நிறுவனம் ஜப்பானின் டோய் ஸ்டூடியோவிடம் சிங்கம் வரும் தொடரைக் கேட்டது. அவர்கள் மனதில் இருந்தது நெஞ்சில் சிங்கமுகம் வைத்த 'டால்டானியஸ்'. வந்து சேர்ந்தது ஐந்து சிங்கங்கள் கூடி ஒரே ரோபோவாகும் 'கோலயன்'. பார்த்தார்கள், கேட்டதைவிட வந்ததே நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள்.

கோலயன் லேசுப்பட்ட கதை இல்லை. அணுகுண்டுப் போரில் பூமி அழிந்துபோய்விட, விண்வெளியிலிருந்து திரும்பும் ஐந்து இளைஞர்களுக்கு இறங்க ஊரில்லை. அடிமைகளாகப் பிடிபடுகிறார்கள். தொடக்கத்திலேயே ஐவரில் ஒருவன், ஷிரோகானே, சாகிறான். அமெரிக்காவில் பூமி பத்திரமாக இருக்கிறது. செத்தவன், ஸ்வென் என்ற பெயரில், ஆஸ்பத்திரியில். மூலக்கதையில் பின்னால் செத்தவனின் தம்பி அதே முகச்சாயலோடு வருகிறான். அமெரிக்கக்காரர்களுக்கு அது லட்டு மாதிரி. 'ஸ்வென் குணமாகித் திரும்பிவிட்டான்' என்று அவனையே இவனாக்கிவிட்டார்கள். நம் சினிமாவில் ஒரு நடிகர் அண்ணன் தம்பியாக இரட்டை வேடம் போடுவார். இங்கே அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஒற்றை வேடம். மூலத்தில் அந்தத் தம்பியும் செத்துப்போகிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக ஜைகாண்டரில் போர் போயிற்று, வோல்ட்ரானில் சாவு போயிற்று. இந்த வரிசையில் அடுத்து வந்த ரோபோடெக்கிலும் ராய் ஆஸ்பத்திரியில் கண் விழித்து எழுந்திருக்க வேண்டியது. எழுந்திருக்கவில்லை.

ரோபோடெக் பிறந்தது ஒரு வாய்ப்பாட்டுக் கணக்கில். ராய் வரும் மூலத்தொடர், 1982 அக்டோபரில் ஜப்பானில் ஆரம்பித்த 'மாக்ராஸ்', மொத்தம் 36 பகுதி. அமெரிக்காவில் வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டும் முறைக்கு 65 பகுதியாவது வேண்டும், பதின்மூன்று வாரத்துக்கு. ஹார்மனி கோல்ட் நிறுவனத்துக்காக இந்த வேலையை எடுத்துக்கொண்ட கார்ல் மாசெக், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மேலும் இரண்டு தொடர்களைக் கொண்டுவந்தார். 'சதர்ன் கிராஸ்' 23, 'மோஸ்பீடா' 25. நடுவில் பாலமாக ஒரு பகுதியைத் தாங்களே ஒட்டிச் செய்துகொண்டார்கள். கூட்டினால் 85. முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்று ஒரே நீண்ட போராக ஆக்கிவிட்டார். மூன்றையும் ஒட்டும் பசைக்கு 'புரோட்டோகல்ச்சர்' என்ற சொல். மாக்ராஸில் அது ஒரு பழங்கால நாகரிகத்தின் பெயர். மாசெக் கையில் அது எல்லோரும் அடித்துக்கொள்ளும் ஒரு எரிசக்தி. பெட்ரோல் மாதிரி.

மாக்ராஸின் நாயகன் ஹிகாரு, ரிக் ஹன்டர் ஆனான். மிசா, லிசா ஹேய்ஸ் ஆனாள். பாட்டுகள் மாறின. கதைசொல்லி ஒருவர் மூச்சுவிடாமல் பேசுகிறார். இவ்வளவையும் கை வைத்தவர், ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். செத்தவர்கள் செத்தார்கள். ராய் போன கையோடு அடுத்த பகுதியில், சாப்பாட்டுப் பிரியனான விமானி பென்னும் போகிறான். 27ஆம் பகுதியில் எதிரிகளின் லட்சக்கணக்கான கப்பல்கள் பூமியைச் சுற்றிவளைத்துச் சுடுகின்றன. பூமியில் ஏறக்குறைய யாருமே மிஞ்சுவதில்லை. போன வருஷம் வோல்ட்ரானில் அணுகுண்டிலிருந்து பூமியைக் காப்பாற்றிக் கொடுத்த அதே அமெரிக்கத் தொலைக்காட்சியில்! இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளாடியா கறுப்பினப் பெண், ராய் வெள்ளையன். 1985இன் அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சியில் அந்தக் காதலை யாரும் விளக்கவில்லை, மறைக்கவும் இல்லை. சாலட் செய்கிறாள், அவன் கித்தார் வாசிக்கிறான்.

ஏன் விட்டார் என்பதற்கு எனக்குத் தோன்றுவது இதுதான்: மூன்று தலைமுறைக் கதை என்று சொல்லிவிட்டால் முதல் தலைமுறை போய்த்தான் ஆகவேண்டும். எல்லோரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டே இருந்தால் தலைமுறை நகராது. கணக்குக்காக ஒட்டிய கதைதான், ஆனால் அந்த ஒட்டே அவரைச் சாவின் பக்கம் தள்ளியிருக்கிறது. மாசெக் பின்னாளில் ஸ்ட்ரீம்லைன் நிறுவனத்தைத் தொடங்கி 'அகிரா' என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) படத்தை அமெரிக்கத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தார். ஆனாலும் 2010இல் சாகும்வரை மூலப்பிரதி விசுவாசிகளிடம் வசவு வாங்கினார். வசவை ஆரம்பித்தவர்களில் பலர் ரோபோடெக் பார்த்துத்தான் மூலம் என்று ஒன்று இருப்பதையே தெரிந்துகொண்டவர்கள். மாக்ராஸ் உரிமைச் சண்டை பல வருஷம் இழுத்து, 2021 ஏப்ரலில்தான் ஜப்பானியத் தரப்பும் ஹார்மனி கோல்டும் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

என் அக்கா மகன் அந்த மூலப்பிரதிக் கட்சி. பெங்களூரில் வேலை, ஜப்பானியக் குரலும் வசனவரிகளும் இல்லாமல் எதையும் பார்க்கமாட்டான். நான் ரோபோடெக் பார்த்துக் கலங்கியதைச் சொன்னதும் சிரித்தான்.

“மாமா, அது ஒரிஜினலே இல்ல. மூணு சீரியல வெட்டி ஒட்டுன கதம்ப சாதம்.”

“எனக்குக் கதம்ப சாதம் பிடிக்கும்டா.”

“உங்களுக்கு இதெல்லாம் எப்படித்தான் பழக்கமாச்சு? உங்க காலத்துல அனிமேயே கிடையாதே.”

அனிமே கிடையாதுதான். தூர்தர்ஷனில் 'ஜயன்ட் ரோபோ' இருந்தது. கைக்கடிகாரத்தில் பேசினால் பறந்துவரும் ரோபோ, ஜானி சோக்கோ என்ற பையன். ஆளுக்கு உடை மாட்டி எடுத்த படம். அதுவும் ஜப்பானிலிருந்து அமெரிக்கா போய், ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டு, அப்புறம் எங்கள் தெருவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தேன். அதன் மூலமும் யோகோயாமாவின் மாங்காதான் என்பது எனக்கு முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியும். கடைசிப் பகுதியில் பையன் கத்தக் கத்த, முதன்முறையாக அவன் பேச்சைக் கேட்காமல், வில்லனைத் தூக்கிக்கொண்டு அந்த ரோபோ வானத்துக்குப் போய் விண்கல்லில் மோதி வெடித்துவிடும். அமெரிக்கப் பதிப்பிலும் அதை மாற்றவில்லை. இயந்திரம் சாகலாம், மனிதன்தான் சாகக்கூடாது என்று வைத்திருந்தார்கள்போல. நான் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கோபேயில் நாகாதா என்ற பகுதியில் தெத்சுஜினுக்கு இப்போது சிலை இருக்கிறது. 1995 நிலநடுக்கத்தில் தீப்பிடித்து எரிந்த பகுதி அது. மறுபடி ஆள்நடமாட்டம் வரவேண்டும் என்று 2009இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுப்பினார்கள். முஷ்டி நீட்டியபடி நிற்கிறது, நிமிர்ந்து நின்றால் 18 மீட்டர் இருக்கும். யோகோயாமா அதைப் பார்க்க இல்லை, 2004இல் போய்விட்டார். படத்தை மருமகனிடம் காட்டினேன். "பெட்டி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டான். பிழைத்துக்கொள்வான்.

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவனைப் பிடித்து உட்காரவைத்து ரோபோடெக்கின் அந்த 18ஆம் பகுதியைப் போட்டேன். ஆரம்பத்தில் டப்பிங்கைக் கிண்டலடித்தான். கதைசொல்லியைக் கிண்டலடித்தான். ராய் கித்தாரை எடுத்தபோது பேச்சு குறைந்தது. முடிந்ததும் எதுவும் சொல்லவில்லை. ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிப் பின்னால் ஓட்டினான். மறுபடி கித்தார் கேட்டது, கிளாடியா மறுபடி அன்னாசியை நறுக்க ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். “இதோம்மா” என்றான், எழுந்திருக்கவில்லை.